காலையில் ஸ்டார்ட் ஆகாத லாரி: டீசல் லைனில் காற்று இழுக்கும் இடத்தைப் பிடிப்பது எப்படி

நான் ஓட்டும் டிப்பர் மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே பிடிக்கும், நாலைந்து வினாடி ஓடும், அப்படியே செத்துவிடும். அதற்கப்புறம் செல்ஃப் அடித்து அடித்து, வெள்ளைப் புகை கக்கி, கடைசியில் ஒருவழியாக எழுந்திருக்கும். மதியம் அதே வண்டி ஒரே திருப்பில் ஓடும். முதலில் இரண்டு பேட்டரியையும் மாற்றினோம். அப்புறம் டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பும் ஃபீட் பம்ப்பை மாற்றினோம். பிறகு ஒரு பட்டறையில், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தோம். எல்லாம் சேர்த்து 2,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கடைசியில் காரணம், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளாம்ப்புக்கு அடியில் மறைந்திருந்த ஒரு வெடிப்பு. அதைச் சரிசெய்ய ஆன செலவு 28 வெள்ளி.

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து கனரக லாரி ஓட்டுபவர்களுக்கும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் மெக்கானிக் இல்லையென்றாலும் முதல் நான்கு படிகள் வரை உங்களால் போக முடியும். அதுவரை போய்விட்டாலே வீண் செலவு பாதி குறைந்துவிடும்.

1. காற்றுதானா என்று முதலில் பாருங்கள்

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பக்கம். பம்ப்புக்கு அப்புறம் இன்ஜின் வரை உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காப்பிக்கடையில் கரும்புச் சாறு வாங்கி, வெடித்த ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பாருங்கள். பாதி காற்றுதான் வாய்க்கு வரும், ஆனால் ஸ்ட்ராவின் வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். "எங்கேயும் ஒழுகல் இல்லை, அதனால் லைன் நன்றாக இருக்கிறது" என்று பட்டறையில் என்னிடம் சொன்னதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

காற்று என்றால் இப்படி இருக்கும்: ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் தொல்லை கொடுக்கும், ஓடி நின்ற வண்டி கொடுக்காது. டேங்கில் டீசல் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் தொல்லை கூடும், நிறைய ஊற்றினால் குறையும். முன்பக்கம் மேலே தூக்கியபடி சரிவில் நிறுத்தினால் இன்னும் மோசம். ஐடிலில் சத்தம் ஏறி இறங்கும். மேம்பாலம் ஏறும்போது பிக்கப் விழும். காமன் ரெயில் வண்டியாக (எல்லா நாசிலுக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) இருந்தால், ரெயில் அழுத்தம் குறைவு என்ற பி0087 கோளாறுக் குறியீடு (கோடு) வரலாம். அந்தக் கோடு வந்தவுடனேயே ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பம்ப்புக்குள் காற்று கலந்த டீசல் போனாலும் அதே கோடுதான் வரும்.

ஃபில்டர் அடைப்பிலும் பிக்கப் போகும். வித்தியாசம் இதுதான்: அடைப்பு என்றால் பாரம் ஏற்றி அழுத்தும்போது படுத்துவிடும், காலையில் பெரும்பாலும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஃபில்டர் மாற்றி நாளாகிவிட்டதென்றால் முதலில் அதை மாற்றுங்கள், எப்படியும் மாற்ற வேண்டியதுதானே.

இன்னொன்று. 12,000 கிலோவுக்கு மேல் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட லாரிகளில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு வேகக் கட்டுப்படுத்தி இருக்கும். வண்டி 60-ல் நிற்பதைக் கோளாறு என்று நினைத்து ஃபோர்மேனை எழுப்பிய புதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். 60-ல் சீராக நின்றால் கோளாறு இல்லை. ஏற்றத்தில் 40-க்கு விழுந்து திணறினால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

வீடியோக்களில் வெளிநாட்டு மெக்கானிக்குகள் குளிரில் டீசல் உறைவது பற்றி நிறையப் பேசுவார்கள். சிங்கப்பூரில் காலையில் 25 டிகிரி. அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

2. கை வைப்பதற்கு முன்: அனுமதி, இடம், காகிதம்

வண்டி உங்களுடையது இல்லையென்றால் முதலாளியிடமோ ஃபோர்மேனிடமோ கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனர் எடுக்க வேண்டும். வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீங்கள் ஒரு குழாய் இணைப்பைக் கழற்றினாலும் பின்னால் பிரச்சினை வரும். அறிகுறிகளை எழுதிக் கொடுத்து ஏஜெண்ட் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வொர்க் பர்மிட்டில் இருப்பவர்கள் கவனிக்க: உங்கள் முதலாளியின் வண்டியை, உங்கள் வேலைக்கு உட்பட்டுப் பார்ப்பது வேறு. பக்கத்து யார்டில் நிற்கும் வேறு கம்பெனி லாரியை ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வெள்ளிக்குச் சரிசெய்து கொடுப்பது வேறு. பர்மிட்டில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள வேலையை மட்டும்தான் நீங்கள் செய்யலாம். கைவேலை தெரிந்துவிட்டால் இப்படிக் கூப்பிட ஆள் வரும், அதனால்தான் சொல்கிறேன்.

வேலையைக் கம்பெனி யார்டிலோ பட்டறையிலோ வைத்துக்கொள்ளுங்கள், கனரக வாகன நிறுத்துமிடத்தில் வேண்டாம். டீசல் சிந்தி வடிகாலில் ஓடினால் அது சட்டப்படி குற்றம், சொட்டாக இருந்தாலும் சரி. கீழே தட்டு வையுங்கள், மரத்தூள் ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். வடித்த டீசலைப் பட்டறையின் கழிவு எண்ணெய் டிரம்மில் ஊற்றுங்கள். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், தொல்லை தொடங்கிய நாள், அதற்கு முந்தைய வாரம் யார் எதைக் கழற்றினார்கள். மூன்றாவதுதான் தங்கம். ஃபில்டர் மாற்றிய மறுநாள் தொல்லை ஆரம்பித்தது என்றால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அப்படியே அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் தேதியையும் பாருங்கள். சரக்கு வாகனங்களுக்குப் பத்து ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டியோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

3. வாங்க வேண்டியவை

டீசல் தாங்கும் தெளிவான ஹோஸ் ஒரு மீட்டர், லைனின் அளவுக்கே. கிளாம்ப் நான்கு. பேன்ஜோ போல்ட்டுக்கு (நடுவில் டீசல் ஓடும் துளையுள்ள இணைப்பு போல்ட்) புது காப்பர் வாஷர்கள். சுத்தமான ஜெரிகேன். சோப்புத் தண்ணீர் ஸ்பிரே. கையுறை, கண்ணாடி, நல்ல டார்ச். எனக்கு எல்லாம் 45 வெள்ளிக்குள் முடிந்தது. மீன் தொட்டிக்குப் போடும் ஹோஸை வாங்காதீர்கள், டீசலில் கெட்டியாகி நழுவிவிடும்.

ஹோஸ் வாங்கும்போது அளவில் ஏமாறுவது இங்கே சகஜம். ஜப்பான் லாரிகளின் குழாய்கள் மில்லிமீட்டர் கணக்கு. கடையில் அரை அங்குல ஹோஸை எடுத்துக் கொடுப்பார்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் குழாயில் அதை மாட்டிக் கிளாம்ப்பை இறுக்கினால் ஒரு பக்கம் மடிந்துகொள்ளும், அந்த மடிப்பு வழியாகவே காற்று போகும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

4. கண்ணாலும் கையாலும் ஒரு சுற்று

சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று பாருங்கள். டிப்பர் பாடியைத் தூக்கினால் பாதுகாப்புக் கம்பியை முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை நீட்ட வேண்டாம், ஒரு நிமிடம்தானே என்றாலும் வேண்டாம்.

டேங்கில் தொடங்கி இன்ஜினை நோக்கிப் போங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் பிரீதர் (டேங்குக்குள் காற்று போகும் துளை) அடைத்திருக்கிறது. மண், சிமெண்டு தூசியில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். டேங்க்குக்குள் காற்று போக வழியில்லாமல் பம்ப் இன்னும் வேகமாக இழுக்கும். நன்றாக இருந்த ஜாயிண்ட்கூட அந்த இழுப்பில் காற்றை விடும். பிரீதரைச் சுத்தம் செய்ய ஒரு காசு செலவில்லை.

அடுத்து ஹோஸ்கள். மேலே தடவிப் பார்த்தால் போதாது, வளைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் அந்த வெடிப்பு, ஹோஸ் நேராக இருக்கும்போது தெரியவே இல்லை. கிளாம்ப்பைத் தளர்த்தி, விரலால் கீழ்ப்பக்கமாக மடக்கியபோதுதான் வாய் திறந்த மாதிரி ஒரு கோடு விரிந்தது, நகத்தின் அகலம்தான் இருக்கும். சேஸிஸ் பிராக்கெட் ஒன்று அங்கே உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரில் மூன்று இடம்: தெளிவான கிண்ணத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கீழே உள்ள வடிகால் திருகு, தண்ணீர் சென்சாரின் சீல். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை இறுக்கினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று, காற்று உறுதி. அவசரமாக ஃபில்டர் மாற்றும் இடங்களில் இந்தத் தவறு நடக்கும்.

கையால் அழுத்தி லைனில் டீசலை நிரப்பும் கை பம்ப்பையும் அழுத்திப் பாருங்கள். பத்து இருபது முறை அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால் உள்ளே உள்ள வால்வோ டயாஃப்ரமோ போயிருக்கலாம். அல்லது அதற்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது.

5. ராத்திரிச் சோதனை

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து யார்டில் இருந்த ஒரு சீன மெக்கானிக் அங்கிள். பேட்டரி, பம்ப் எல்லாம் மாற்றிய கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவே இல்லை. ஒரு துண்டு தெளிவான ஹோஸை வெட்டிக் கொடுத்து, "இன்று மாட்டு, நாளைக்குப் பார்" என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை வண்டி திரும்பியதும் செய்தால் வசதி, ஞாயிறு காலை அவசரம் இருக்காது. முதல் ஃபில்டருக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தெளிவான ஹோஸை மாட்டுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் மேலே வளைந்திருக்கட்டும், அப்போதுதான் குமிழி அங்கே வந்து சேரும். கை பம்ப்பால் டீசலை நிரப்பி இன்ஜினைப் போடுங்கள். முதல் சில நிமிடம் குமிழி வருவது சகஜம், நீங்கள் ஹோஸைக் கழற்றியபோது போன காற்று அது. கால் மணி நேரம் கழித்தும் மணி கோத்த மாதிரி வரிசையாகக் குமிழி ஓடினால், காற்று டேங்க் பக்கத்திலிருந்து வருகிறது.

குமிழியே இல்லையென்றாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹோஸுக்குள் டீசல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். காலையில் வந்து, சாவியைத் தொடுவதற்கு முன் பாருங்கள். என் வண்டியில் ராத்திரி நிறைந்திருந்த ஹோஸ் காலையில் ஒரு சாண் நீளத்துக்குக் காலியாக இருந்தது. மஞ்சள் நிறம் போய் ஹோஸ் வெளுத்துக் கிடந்தது. எங்கோ நுழைந்த காற்று, அந்த டீசலை மெல்ல டேங்குக்கே இறங்கிப்போக விட்டிருக்கிறது. மூன்று வாரமாகத் தேடியதை அந்த ஒரு சாண் காட்டிவிட்டது.

இந்த ஹோஸோடு ரோட்டுக்குப் போகாதீர்கள். இன்ஜின் சூட்டில் மென்மையாகிவிடும். சோதனை முடிந்ததும் பழையபடி மாட்டுங்கள்.

6. ஜெரிகேன் சோதனை

டேங்க்கையும் அதன் லைனையும் ஓரம் கட்டிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து தனி ஹோஸ் வழியாக ஃபீட் பம்ப்புக்கு நேராகக் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பிவரும் ரிட்டர்ன் லைன் டேங்குக்கே போகட்டும், கேன் காலியாகிறதா என்று ஒரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். பம்ப்புக்கு முன்னால் ஃபில்டர் இருந்தால், அந்த ஃபில்டரின் உள்வழியில் ஒருமுறை, வெளிவழியில் ஒருமுறை என்று இரண்டு முறை செய்யுங்கள். எங்கே மாட்டும்போது தொல்லை நிற்கிறதோ, அந்த இடத்துக்கும் டேங்குக்கும் நடுவில்தான் ஓட்டை.

கேனிலிருந்து கொடுத்தும் தொல்லை அப்படியே இருந்தால் காரணம் பம்ப் பக்கமோ இன்ஜின் பக்கமோ. அப்போது ரிட்டர்ன் லைனிலும் தெளிவான ஹோஸ் போட்டுப் பாருங்கள். சில இன்ஜின்களில் நாசில் உட்காரும் இடத்தின் சீல் போனால், எரிந்த வாயு டீசலுக்குள் புகுந்து ரிட்டர்னில் குமிழியாக வரும். அது பட்டறை வேலை, நீங்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேனிலிருந்து கொடுத்தால் நன்றாக ஓடுகிறது, வெளியே உள்ள ஹோஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் டேங்குக்குள் இறங்கும் குழாயைச் சந்தேகப்படுங்கள். அதில் மேல்ப்பக்கம் வெடிப்பு இருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் அதை மூடிக்கொள்ளும், மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சும். பாதி டேங்க் வரை நன்றாக ஓடி அதற்குக் கீழே திணறும் வண்டிகளில் இதைப் பாருங்கள்.

7. சோப்புத் தண்ணீர்

பகுதி தெரிந்துவிட்டது, சரியான இடம் தெரியவில்லை என்றால் இது. லைனை டேங்கிலும் பம்ப்பிலும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ரெகுலேட்டர் வழியாகக் காற்று கொடுங்கள். 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் வேண்டாம், ஃபில்டர் கிண்ணம் பிளாஸ்டிக் என்பது நினைவிருக்கட்டும். ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். கம்ப்ரஸர் துப்பாக்கியை டேங்க் வாயில் வைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். டேங்க் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டது இல்லை, உப்பிக் கிழிந்துவிடும்.

8. மாற்றும்போது

ஒரு இடத்தில் வெடித்த ஹோஸ் இன்னொரு இடத்திலும் வெடிக்கத் தயாராக இருக்கும். அந்தத் துண்டை முழுசாக மாற்றுங்கள், வெட்டி ஒட்டுப்போட வேண்டாம். காப்பர் வாஷரைத் தீயில் காட்டித் திரும்பப் போடும் பழக்கம் ஊரில் உண்டு. இங்கே புதுசு சில காசுக்குக் கிடைக்கிறது, புதுசே போடுங்கள். கிளாம்ப்பை வெறிகொண்டு இறுக்கினால் அதுவே ஹோஸை வெட்டும். டெஃப்லான் டேப், சிலிக்கான் இரண்டும் டீசல் லைனில் வேண்டாம். பிய்ந்த துணுக்கு பம்ப்புக்குள் போனால் 28 வெள்ளி வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். புது ஹோஸ் எதிலும் உரசாதபடி கட்டுங்கள்.

9. காற்றை வெளியே எடுப்பது

டேங்க் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் திருகை (காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு சுற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அழுத்துங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் விட்டு விட்டு வரும், கடைசியில் சுத்தமான டீசல் ஒரே ஓட்டமாக வரும். அழுத்திக்கொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். கை பம்ப் கல் மாதிரி கெட்டியாகும் வரை மறுபடி அழுத்திவிட்டு செல்ஃப் கொடுங்கள். ஒரு தடவைக்கு 15 வினாடி, அப்புறம் இரண்டு நிமிடம் ஓய்வு. தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் வெந்துவிடும்.

பழைய வகைப் பம்ப் வண்டிகளில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஓடும். ஊசி முனை அளவு பீச்சினாலும் தோலைத் துளைத்து டீசல் உள்ளே போகும்; வலி அதிகம் இருக்காது, ஆனால் கை போய்விடும் அளவுக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரெயிலில் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து நேராக டீசல் ஊற்றி நிரப்புவதும் தவறு. வடிகட்டாத டீசல் அது. கை பம்ப்பாலேயே நிரப்புங்கள். ஸ்டார்ட் ஆகவில்லையென்று, எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம், காற்று சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில் வெடித்துவிடும்.

10. நடுவழியில் நின்றால், பட்டறைக்குப் போனால்

எக்ஸ்பிரஸ்வேயில் நின்றால் இடது ஓரம் ஒதுக்கி, ஹசார்டு லைட் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் வைத்துவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். அங்கேயே கேபினைத் தூக்கிக் கை பம்ப் அடிக்க ஆரம்பிக்காதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து துவாஸோ சுங்கை காடுட்டோ, பட்டறை வரைக்குமான இழுவைச் செலவு உங்கள் கம்பெனியுடையது. அந்த ரேட்டை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நின்ற பிறகு பேரம் பேச முடியாது.

பட்டறையில் "காற்று இழுக்கிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நோட்டையும், காலையில் எடுத்த தெளிவான ஹோஸின் படத்தையும் காட்டுங்கள். சோதனைக்கு எவ்வளவு, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிய மதிப்பீடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நான் மாற்றிய ஃபீட் பம்ப்பின் பழசு என்னிடம் இருந்திருந்தால், அது நன்றாகத்தான் இருந்தது என்று முதலாளியிடம் காட்டியிருப்பேன். இப்போது என்னிடம் இருப்பது அந்த வெடித்த ஹோஸ் துண்டு மட்டும். புதிதாக வரும் டிரைவர்களிடம் அதைக் கொடுத்து, ஓட்டையைக் கண்டுபிடி என்பேன். மேலே தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்று திருப்பிக் கொடுப்பார்கள்.